150 வருடத்து மிஷன் கோயில் ஒழுகுகிறது: இடிக்கவா, பழுது பார்க்கவா? பணத்துக்கு எங்கே போக?

தேரிக்காட்டான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், தேரி என்கிற செம்மணல் காட்டுப் பக்கம். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் கமிட்டிக்காரர்கள் நாளைக் காலையிலேயே வாசலில் வந்து நிற்பார்கள்.

சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரிகள் காலத்துக் கிறிஸ்தவக் கோயில் எங்களுடையது. 150 வருடம் தாண்டிவிட்டது. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய கனத்த சுவர், தேக்கு உத்திரம், மேலே ஓடு, மேற்கு முனையில் மணிக்கோபுரம். போன ஐப்பசி மழையில் பீடத்துக்கு மேலேயே ஒழுகியது. பாடகர் குழுப் பிள்ளைகள் ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடினார்கள். கோபுரத்தின் அடியில் மார்பு உயரத்துக்கு உப்புப் பூத்து, கை வைத்தால் காரை பொலபொலவென்று உதிர்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் 'கெட்டியாக இருக்கட்டும்' என்று சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்த இடத்தில்தான் இது அதிகம். அதுதான் எனக்குப் புரியவில்லை.

கமிட்டி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு பாதி, இடித்துவிட்டு மாடியோடு பெரிசாகக் கட்டலாம் என்கிறது. மறு பாதி பழுது பார்க்கலாம் என்கிறது. ஒரு காண்ட்ராக்டர் வந்து பார்த்து எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்: உள்ளும் புறமும் சிமெண்ட் பூச்சு, தரைக்கு டைல்ஸ், ஓட்டை எடுத்துவிட்டுத் தகரக் கூரை, கீழே பால்ஸ் சீலிங். தொகை அரைக்கோடியைத் தொடுகிறது. எங்கள் சபையில் குடும்பங்கள் முந்நூறுக்குள். பாதிப் பேர் சென்னை, மும்பை, கல்ஃப் என்று வெளியில்.

இந்தப் பணத்தை எப்படித் திரட்டுவது? வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களிடம் கேட்கலாமா? அரசு உதவி கிடைக்குமா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்காரன்

அண்ணாச்சி, பணம் இருக்கட்டும். முதலில் அந்த எஸ்டிமேட்டை மடித்து உள்ளே வையுங்கள். அதைக் காட்டி ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள். அந்த வேலை நடந்தால் கோயில் இன்னும் சீக்கிரம் கெடும்.

நான் செட்டிநாடு, தஞ்சாவூர் பக்கம் பழைய கட்டடங்களில் வேலை பார்க்கிறேன். நீங்கள் 'புரியவில்லை' என்று சொன்ன இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. பழைய கனத்த சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு, அது வழியாக ஈரம் காற்றோடு போய்விடும். சிமெண்ட் பூசி மேலே எமல்ஷனும் அடித்தால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் வெளியேற இடம் தேடி இன்னும் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் நின்றது மார்பு உயரத்துக்கு வந்தது அப்படித்தான். கூடவே வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் உறைந்து பருத்து, காரையைத் தள்ளி உடைக்கிறது. சிமெண்ட் கெட்டி, உள்ளே இருக்கும் பழைய செங்கல் மெத்து. சண்டை வந்தால் தோற்பது செங்கல்.

இன்னொன்று. கோயிலைச் சுற்றி பேவர் பிளாக் பதித்திருக்கிறீர்களா? சுவரை ஒட்டியே பதித்திருப்பார்கள், எழுதித் தருகிறேன். முற்றத்து மண் மூச்சுவிட முடியாமல் போனால் ஈரம் முழுவதும் சுவரைத் தேடித்தான் வரும். சுவரிலிருந்து மூன்றடி அகலத்துக்கு அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்து, சரளை போட்டு, தண்ணீர் வெளியே ஓட வாட்டம் கொடுங்கள். செலவு சொற்பம். நாலு இளைஞர்கள் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடுவார்கள்.

வரிசை என்று கேட்டால்: கூரை, மழைத் தண்ணீர் போகும் வழி, சுற்றுத்தரை. பூச்சு கடைசி. பழைய சிமெண்டை மெஷின் வைத்துத் தட்டாமல் உளியும் சுத்தியும் வைத்து மெதுவாக எடுத்து, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, அப்புறம்தான் சுண்ணாம்பு. உத்திரங்களில் நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுவருக்குள் போய் உட்காரும் முனையில்தான் இற்றுப்போகும். நுனியில் ஒரு கம்பியால் குத்திப் பார்த்தாலே தெரியும்.

முதலில் திரட்ட வேண்டிய பணம், முறையான ஆய்வுக்கும் வரைபடத்துக்கும். பாரம்பரியக் கட்டடங்களில் பழகிய ஒரு ஆர்க்கிடெக்டை அழைத்து வாருங்கள். அளந்து வரையும் வேலைக்கு ஆர்க்கிடெக்சர் கல்லூரிப் பிள்ளைகள் கிடைப்பார்கள், அவர்களுக்கு அது பாடத்திலேயே இருக்கிறது. சாப்பாடும் தங்க இடமும் கொடுத்தால் போதும்.

கிறிஸ்மஸ்பந்தல்

எல்லாரும் பழமை பழமை என்று உருகுவீர்கள் என்று தெரியும், அதனால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன்.

எங்கள் ஊரிலும் இதே கதைதான். கிறிஸ்மஸ் அன்று காலை நாலரை மணி ஆராதனைக்குப் பாதிச் சனம் வெளியே பந்தலில் பனியில் உட்கார்ந்திருக்கும். உள்ளே தூண் மறைக்கும். மைக் போட்டால் எதிரொலி. வயசானவர்களுக்குப் படி ஏற முடியவில்லை, சாய்தளம் போட வழியில்லை. கோயில் ஜனங்களுக்காக, ஜனங்கள் கோயிலுக்காகவா? மிஷனரிமார்களே கூரைக் கொட்டகையை எடுத்துவிட்டுத்தானே கல்லுக் கோயில் கட்டினார்கள். அவர்கள் செய்தால் வளர்ச்சி, நாம் செய்தால் குற்றமா?

தவிர, இடித்துக் கட்டுகிறோம் என்றால் பணம் கொட்டும். பழுது பார்க்கிறோம் என்றால் நூறு ரூபாய் நோட்டைத்தான் நீட்டுவார்கள். இதை யாரும் மறுக்க முடியாது.

கொற்கைஅக்கா

பந்தல் தம்பி கடைசியில் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் வேறு. புதுக் கோயில் என்றால் கல்வெட்டில் பெயர் வரும். ஒழுகும் ஓட்டை மாற்றினால் யார் பெயர் எழுதுவார்கள்?

பெண்கள் ஐக்கியத்தில் ரொம்ப காலமாகப் பொறுப்பில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன். நம் பக்கத்தில் பணம் திரட்ட யாரும் புதிதாக வழி கண்டுபிடிக்க வேண்டாம். உலை வைக்கும்போது ஒரு கை அரிசி தனியே எடுத்துப் போடுகிறோமே, அந்தக் கைப்பிடி அரிசிக் காணிக்கை எத்தனை ஊழியங்களைத் தாங்கியிருக்கிறது! 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தது நம்மவர்கள், நம் காசில். அப்போது யாரிடம் செக் புத்தகம் இருந்தது?

அறுப்பின் பண்டிகை (விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் நாள்) ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பூசணிக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு நாட்டுக்கோழி. கோழி எடுத்தவர் அதையே திரும்ப ஏலத்துக்கு விடுவார், இன்னொருவர் எடுப்பார், அதே கோழி நாலு தடவை விலை போகும். அண்ணன் தம்பிக்குள் வீம்பு ஏறினால் கோழிக்கு ஆட்டு விலை. அந்த ஒரு நாளை 'இந்த வருடம் கூரைக்கு' என்று அறிவித்துவிடுங்கள். எதற்கு என்று தெரிந்தால் கை தாராளமாக வரும்.

ஆனால் ஒரு நிபந்தனை, கணக்கு. எங்கள் சபையில் முன்பு சுற்றுச்சுவருக்கென்று வசூல் நடந்தது. சுவர் பாதியில் நிற்கிறது, கணக்கு இன்றுவரை வரவில்லை. கேட்ட பெண்களை 'பொம்பளைகளுக்கு எதுக்கு இதெல்லாம்' என்று உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த எந்த வசூலிலும் நான் பார்த்தது நூறு ரூபாய் நோட்டுகள்தான். ஜனங்களிடம் பணம் இல்லாமலா?

பேரேடு

கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன். ட்ரஸ்ட், சபைக் கணக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன். தேரிக்காட்டான் கேட்ட வெளிநாட்டுப் பணம், அரசுப் பணம் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சொத்து யாருடையது? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை என்றால் நிலமும் கட்டடமும் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். உள்ளூர்க் கமிட்டி தீர்மானம் போட்டு இடித்துவிட முடியாது. இடிக்கும் கட்சி திருமண்டலத்தில் (பேராயரின் நிர்வாகத்தில்) எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பாதி விவாதம் அங்கேயே அடங்கும்.

வெளிநாட்டுப் பணம். கல்ஃபில் வேலை பார்க்கும் உங்கள் ஊர்க்காரர், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அதே ஊர்க்காரர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால் கதை வேறு. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும் அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் இருக்கும் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர முடியும். ஒரு அமைப்பு வாங்கி இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதும் கூடாது. 'என் நண்பர் ட்ரஸ்ட் வழியாக வாங்கித் தருகிறேன்' என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வரிவிலக்கு. '80ஜி (வருமானவரிச் சலுகை) ரசீது உண்டு' என்று நோட்டீஸ் அடித்துவிடாதீர்கள். வரலாற்று, தொல்லியல், கலை முக்கியத்துவம் உடையது அல்லது மாநிலம் முழுதும் பெயர்பெற்ற வழிபாட்டுத் தலம் என்று மத்திய அரசு அறிவிக்கை செய்த கோயில், மசூதி, குருத்வாரா, தேவாலயத்தின் பழுதுபார்ப்புக்குத்தான் அந்தச் சலுகை. உங்கள் கோயில் எவ்வளவு பழையதாக இருந்தாலும் அறிவிக்கையில் இல்லாவிட்டால் கிடையாது.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம். 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்றுக் கட்டடங்களைச் சீரமைப்பதும் ஒரு இனம். ஆகவே கதவு மூடியில்லை. ஆனால் வழிபாட்டுத் தலம் என்றாலே பல கம்பெனிகள் நழுவிவிடும். அருங்காட்சியகம், ஆவணக்காப்பு, ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டடக்கலைப் பயிற்சி என்று ஏதாவது பொதுப் பயன் கூட இருந்தால் பேசிப் பார்க்கலாம்.

கடைசியாக மாநில அரசு. தேவாலயங்களைப் பழுது பார்க்கத் தமிழ்நாடு அரசின் நிதியுதவித் திட்டம் இருக்கிறது. கட்டடத்தின் வயதைப் பொறுத்துத் தொகை. மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகம் வழியாகக் கலெக்டருக்கு விண்ணப்பம் போகும். இதில் ஒரு முள் இருக்கிறது: அந்த வேலைக்கு வெளிநாட்டு உதவி வாங்கியிருக்கக் கூடாது. அவசரப்பட்டு வெளியிலிருந்து கொஞ்சம் வாங்கிவிட்டு அப்புறம் அரசிடம் போனால் விண்ணப்பம் திரும்பி வரும். எதை முதலில் தட்டுவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏரல்காரன்

நான் இந்து. எங்கள் தெருவில் பாதி வேதக்காரர்கள் (கிறிஸ்தவர்கள்), பாதி நாங்கள். அந்தக் கோயில் மணி அடித்துத்தான் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவேன். நாங்கள் கொடுத்தால் வாங்குவீர்களா என்று ஒரு தடவை கேட்டேன். சபை ஐயர் (போதகர்) சிரித்துவிட்டு 'தஞ்சாவூர் ராஜா கொடுத்ததையே வாங்கியிருக்கிறோம்' என்றார். அவர் சொன்னது ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரை. தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா பக்கம் 1779-ல் கட்டிய கோயிலில், சுவார்ட்ஸ் படுக்கையில் கிடக்க சரபோஜி மன்னர் அருகில் நிற்பது போல ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. லண்டனில் பிளாக்ஸ்மன் என்ற சிற்பி செதுக்கியது, செலவு மன்னருடையது. போய்ப் பாருங்கள்.

எங்கள் கோயில் திருப்பணியில் உபயம் என்று ஒரு முறை உண்டு. மொத்தமாக 'பணம் தாருங்கள்' என்று கேட்க மாட்டார்கள். இந்தத் தூண் ஒருவர், இந்தக் கதவு ஒருவர், ஒரு மூட்டை சுண்ணாம்பு ஒருவர் என்று பிரித்துவிடுவார்கள். இத்தனை ஓடு, இத்தனை உத்திரம் என்று நீங்களும் பிரித்துப் பாருங்களேன். ஒரு ஓடு என் கணக்கில் போடுங்கள்.

ஆனால் டியூப்லைட் உபயத்தைக் காப்பி அடிக்காதீர்கள். வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயர் எழுதுவார்கள்.

கிறிஸ்மஸ்பந்தல்

ஒரு ஓடா? கஞ்சன்வே நீர். 😀

ஏரல்காரன்

சரி, பத்து. பேரேடு ஐயா ரசீது போடட்டும்.

டூசான்வாசி

ஊர் நாசரேத் பக்கம், பிழைப்பு அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், டூசான் நகரம். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. காரணம், இங்கே ஊருக்குத் தெற்கே பாலைவனத்தில் ஒரு மிஷன் கோயில் இருக்கிறது. சான் சேவியர் டெல் பாக் என்று பெயர். சுண்ணாம்புக்காரன் அண்ணன் சொன்ன அத்தனையும் அந்தக் கோயிலுக்கும் நடந்தது.

தோஹோனோ ஓதம் என்ற பூர்வகுடி மக்களின் நிலம் அது. கீனோ என்ற இயேசு சபைப் பாதிரியார் 1692-ல் அங்கே மிஷனை ஆரம்பித்தார். இப்போதிருக்கும் வெள்ளைக் கோயிலைப் பிரான்சிஸ்கன் சபையார் 1783-ல் தொடங்கி 1797-ல் முடித்தார்கள். முடித்தார்கள் என்று சொல்வதும் முழுசாகச் சரியில்லை. இரண்டு கோபுரத்தில் கிழக்குக் கோபுரத்துக்கு இன்றுவரை மேல்குவிமாடம் கிடையாது. பணம் தீர்ந்துபோயிருக்கும் என்பார்கள். பணம் எப்படி வந்தது என்பது அதைவிட வேடிக்கை. கட்ட ஆரம்பித்த பாதிரியார் வெல்டெரைன் கையில் கோதுமையைத் தவிர எதுவும் இல்லை. அதுவும் இனிமேல் விளையப் போகும் கோதுமை. அதை ஈடு சொல்லி ஒரு பண்ணைக்காரரிடம் 7,000 பேசோ கடன் வாங்கித்தான் வேலையைத் தொடங்கினார். நம் ஊரில் வராத பருவத்துப் பதநீருக்கு முன்பணம் வாங்குவார்களே, அதே காரியம்.

இருபதாம் நூற்றாண்டில் வெளிப்பூச்சு விரிசல் விட்ட இடங்களில் சிமெண்டை வைத்துப் பூசினார்கள். தண்ணீர் உள்ளே மாட்டிக்கொண்டது. வெளியே பார்த்தால் பளிச்சென்று வெள்ளை, உள்ளே செங்கல் ஊறி மண்ணாகிக்கொண்டிருந்தது. 1980-களின் கடைசியில் பீடத்துப் பக்கச் சுவரில் ஈரம் இறங்கி, உள்ளே இருக்கும் ஓவியங்களும் சொரூபங்களும் கெட ஆரம்பித்த பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது.

இப்போது பண விஷயம். 1978-லேயே அங்கே 'பட்ரொனாட்டோ சான் சேவியர்' என்று ஒரு அமைப்பு தொடங்கியிருந்தார்கள். அது சபை கிடையாது, மதம் சாராதது. கட்டடத்தைக் காப்பாற்றுவது ஒன்றே வேலை. சபைச் செலவு, ஆராதனைச் செலவு எதிலும் அது கை வைக்காது. அதனால் கத்தோலிக்கர் அல்லாதவர்களும், சாமியே கும்பிடாதவர்களும் யோசிக்காமல் கொடுக்கிறார்கள். கிறிஸ்மஸ் சமயத்தில் கோயிலுக்குள்ளேயே டிக்கெட் போட்டு இசைக் கச்சேரி வைக்கிறார்கள். உள்ளே இடம் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம்.

1992 முதல் 1997 வரை உள்ளே ஓவியச் சீரமைப்பு நடந்தது. வெளிநாட்டு நிபுணர்கள் வந்தார்கள். ஆனால் அவர்கள் கூடவே ஓதம் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கோயிலைக் கட்டியது அந்த மக்களின் உழைப்பு. மிஷன் காலம் அவர்களுக்கு இனிப்பான நினைவு மட்டும் கிடையாது. அப்படியிருக்க, சீர்செய்யும் கையும் அவர்கள் கையாக இருந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வெளிப்பூச்சில் மேற்குக் கோபுரம் 2009 வாக்கில் முடிந்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள். அதில் என்ன கலந்தார்கள் தெரியுமா? சப்பாத்திக்கள்ளிச் சாறு. கள்ளி மட்டையை ஊறவைத்தால் வரும் வழுவழுப்பான நீர். அந்தக் கள்ளி நம் தேரிக்காட்டில் வேலி ஓரமெல்லாம் கிடக்கிறது, தம்பி.

சுண்ணாம்புக்காரன்

டூசான் அண்ணன், அருமை. நம் கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது இதே குடும்பம்தான். சாந்தைக் குழைவாக வைத்துக்கொண்டு, சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும். கருப்பட்டி விளைகிற ஊரில் இருந்துகொண்டு மூட்டை மூட்டையாக சிமெண்ட் வாங்குகிறோம் பாருங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கடுக்காயும் கருப்பட்டியும் போட்டுவிட்டால் எல்லாம் சரி என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. சுண்ணாம்பு ஒழுங்காக நீறி, நன்றாகப் புளித்திருக்க வேண்டும், மணல் உப்பில்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் பனைமரத்தையே கரைத்து ஊற்றினாலும் பூச்சு நிற்காது. தேரி மணலை அப்படியே எடுத்துப் பயன்படுத்திவிடாதீர்கள், அது பூச்சுக்கு ரொம்பப் பொடி.

அலைவாய்க்கரை

தரங்கம்பாடிக்காரன். வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகவே பேசுவேன்.

எங்கள் ஊரில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1707-ல் கட்டிய முதல் எருசலேம் கோயிலைக் கடல் தின்றுவிட்டது. இப்போதிருக்கும் புதிய எருசலேம் கோயில் 1718-ல் பிரதிஷ்டை ஆனது, முகப்பில் டென்மார்க் ராஜாவின் முத்திரையும் அந்த வருடமும் இருக்கும். அடுத்த வருடமே சீகன்பால்க் இறந்துபோனார், உள்ளேதான் கல்லறை. 2004 சுனாமிக்குப் பிறகு ஊருக்கு உதவி வந்தது. டென்மார்க் ஆட்களும் இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பும் பழைய வீடுகளைச் சீர்செய்தார்கள். சீகன்பால்க் இருந்த வீட்டை ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பிராங்கே அறநிலையத்தார் சரிபண்ணி அருங்காட்சியகமாக்கினார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன்.

என் கேள்வி, அடுத்த வருடம் யார் பார்ப்பது? பெரிய பணம் எப்போதும் நூற்றாண்டு, முந்நூறாம் ஆண்டு என்று விழாவைப் பார்த்துத்தான் வரும். விழா முடிந்தால் ஒட்டடை அடிக்க ஆள் இருக்காது. உப்புக் காற்றில் ஐந்து வருடம் கவனிக்காமல் விட்டால் பூச்சு மறுபடியும் பொரியும். தேரிக்காட்டான், நீங்கள் திரட்டும் தொகையில் ஒரு பங்கை எடுத்து வைப்பு நிதியாகப் போடுங்கள். வருடா வருடம் மழைக்கு முன்னால் ஓடு பார்க்க, தண்ணீர்க்குழாய் அடைப்பு எடுக்க, அரசஞ்செடி முளைத்தால் வேரோடு பிடுங்க அந்த வட்டி போதும். கோபுர இடுக்கில் அரசங்கன்று விரல் தடிமன் இருக்கும்போது பிடுங்கினால் கூலி ஒரு டீ. மணிக்கட்டு தடிமன் ஆனால் கல்லைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

கிறிஸ்மஸ்பந்தல்

நான் இன்னும் சம்மதிக்கவில்லை. இடத்துக்கு என்ன வழி? அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சுண்ணாம்புக்காரன்

நியாயமான கேள்வி. பழைய கோயிலை ஒட்டாமல், கொஞ்சம் தள்ளி, பக்கங்கள் திறந்த மண்டபம் ஒன்று. அசனப் பண்டிகைக்குப் (சபை விருந்துக்கு) பந்தி போடலாம், கிறிஸ்மஸ் அன்று திரை வைத்து உள்ளே நடப்பதைக் காட்டலாம், கல்யாணத்துக்கு வாடகைக்கும் விடலாம், அந்த வாடகை பராமரிப்புக்கு ஆகும். வருடத்தில் இரண்டு நாள் கூட்டத்துக்காக 363 நாள் காலியாகக் கிடக்கும் மாடிக் கோயிலைக் கட்டி, அதற்கு ஏ.சி. பில்லும் கட்டுவானேன்? எதிரொலிக்குப் பெரிய ஸ்பீக்கராக மாட்டாமல் சின்னதாக நிறைய இடத்தில் சத்தம் குறைத்து வையுங்கள். சாய்தளத்தைச் சுவரைத் தொடாமல் மரத்திலோ இரும்பிலோ வைத்துவிடலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம்.

மெய்யூரான்

மெய்ஞ்ஞானபுரம் பரிசுத்த பவுலின் ஆலயத்தின் 192 அடி கோபுரத்தைப் பஸ்ஸில் வரும்போதே பனைகளுக்கு மேலே பார்க்கலாம். ஜான் தாமஸ் ஐயர் கட்ட ஆரம்பித்தது. அதே போல இடையன்குடியில் கால்டுவெல் 1847-ல் அஸ்திவாரம் போட்ட கோயில் 1880-ல்தான் பிரதிஷ்டை ஆனது. 33 வருடம்! பணம் வரும்போது வேலை, வராதபோது நிறுத்தம். அந்த ஜன்னல் வளைவுகளுக்கு அவரே களிமண்ணில் அச்சுச் செய்து காட்டினார் என்பார்கள். நீங்கள் ஒரே வருடத்தில் அரைக்கோடி திரட்டி முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

(அடுத்து வரும் திருமண்டலத் தேர்தலில் இந்த இடிக்கும் கோஷ்டி யார் பக்கம் என்று பார்த்தால்…)

மட்டுறுத்துநர்

மெய்யூரான், தேர்தல் பேச்சில் மிச்சத்தை நீக்கிவிட்டேன். அதற்குப் பின் வந்த பதில்களும் போய்விட்டன. இழை கோயிலைப் பற்றியது.

தேரிக்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரமாக எழுத முடியவில்லை. நேற்று கமிட்டி கூடியது.

பேரேடு ஐயா சொன்ன மாதிரி, இடிக்கத் திருமண்டல அனுமதி கைவசம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். யாரும் பேசவில்லை. அதோடு அந்தப் பேச்சு இந்த வருடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்புதான், கைவிடவில்லை.

கூரையை மட்டும் முதலில் எடுப்பது என்று தீர்மானம். அதற்குத் தனி வங்கிக் கணக்கு, மூன்று கையெழுத்து. அதில் ஒரு கையெழுத்து பெண்கள் ஐக்கியச் செயலாளருடையது. கொற்கை அக்கா சொன்னதைத்தான் எடுத்து வாசித்தேன், பெயர் சொல்லவில்லை. வரவு செலவை மாதா மாதம் வாசலில் கரும்பலகையில் எழுதுவது. இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது, வாக்கெடுப்பு வரை போய்த்தான் ஜெயித்தது. அரசு உதவிக்கு விண்ணப்பம் போடுகிறோம், ஆகவே வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களிடம் இப்போதைக்குக் கேட்பதில்லை. கல்ஃபில் இருக்கும் நம் ஆட்களுக்கு வாட்ஸப்பில் செய்தி போயிருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலம் முழுவதும் கூரைக்கு. பேவர் பிளாக்கை வாலிபர் சங்கப் பையன்கள் பெயர்த்துவிட்டார்கள். அடியில் மண் சொதசொதவென்று இருந்தது, மழை நின்று எத்தனை நாளாகிவிட்டது!

தீராத பிரச்சினை, பெயர்ப் பலகை. சென்னையில் இருக்கும் ஒரு குடும்பம் பெரிய தொகை தருகிறேன் என்கிறது. தாத்தா பெயரில் பளிங்குக் கல் பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பதிக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்பது. வாங்கவா வேண்டாமா?

கொற்கைஅக்கா

வாங்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு நாற்பது பேர் வருவார்கள். வாசலில் ஒரே பித்தளைத் தகடு வையுங்கள், பெரிய தொகையும் கைப்பிடி அரிசியும் ஒரே எழுத்து அளவில். சம்மதமில்லை என்றால் அந்தப் பணம் நமக்கானது இல்லை.

பேரேடு

அக்கா சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. சட்டென்று கதவைச் சாத்தாதீர்கள். பராமரிப்பு வைப்பு நிதியைத் தாத்தா பெயரில் வைக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். வருடா வருடம் அறிக்கையில் பெயர் வரும், சுவரில் ஆணி இறங்காது. பல குடும்பங்களுக்கு அது போதும்.

தேரிக்காட்டான்

கேட்டுப் பார்க்கிறேன் ஐயா. சுண்ணாம்புக்காரன் அண்ணாச்சி, ஓட்டை எப்போது பிரிக்கலாம்? ஆசாரி சித்திரையில் வருகிறேன் என்கிறார்.

சுண்ணாம்புக்காரன்

சித்திரை சரி. ஐப்பசிக்கு முன்னால் மூடிவிட வேண்டும், அதனால் தள்ளிப்போட விடாதீர்கள். ஓட்டை அள்ளிக் கீழே எறியாமல் வரிசை வரிசையாக இறக்கச் சொல்லுங்கள். நல்லது, உடைந்தது என்று பிரித்து அடுக்குங்கள். பாதிக்கு மேல் திரும்பப் போடலாம். இறக்கும்போது ஒவ்வொரு ஓட்டின் முத்திரையையும் பாருங்கள். மங்களூரில் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் 1865-லேயே ஓட்டுச் சூளை ஆரம்பித்துவிட்டது, உங்கள் கூரையில் அந்த ஓடு இருந்தால் மாற்று ஓடு தேட அளவு தெரிந்துவிடும். முத்திரையையும், உத்திரம் சுவருக்குள் போகும் முனையையும் போட்டோ எடுத்து இங்கேயே போடுங்கள். எதை மாற்றணும், எதை ஒட்டுப்போட்டு வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

ஏரல்காரன்

என் பத்து ஓடு எங்கே வருகிறது என்று அப்போதே காட்டிவிடுங்கள்.